ஆடின கால்

சென்ற மாதம் ஒரு மாலை வேளையில் என் பேரன் தன் கைபேசியில் ஒரு பழைய கால்பந்துப் பந்தயத்தை எனக்குக் காட்டினான். பக்கத்து வீட்டு நண்பரும் உடன் இருந்தார். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். எந்த விஷயத்தைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் இல்லாமல் ஒரு நிமிஷங்கூட இருக்க முடியாதவர். அதனாலேயே எனக்கு மிகவும் வேண்டியவர்.

பந்தயம் முடியப் போகிற சமயம். ஒரு கனத்த சரீரி எம்பித் தலையால் பந்தை முட்டி வலைக்குள் தள்ளினார். தள்ளிவிட்டு ஓடினார். மைதானத்துக்கும் ஜனங்களுக்கும் நடுவில் நின்ற கம்பி வேலியில் ஏறினார். இந்தப் பக்கம் அவர். அந்தப் பக்கம் ஜனங்கள். வேலி எத்தனை பேரைத்தான் தாங்கும்? அப்படியே சாய்ந்து கொடுத்துவிட்டது.

பேரன் கை தட்டினான். நண்பர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இந்தத் தொந்தியோடு ஏறினால் வேலி என்ன ஸார் செய்யும்? ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்று பெரியவர்கள் தெரியாமலா சொன்னார்கள்? பேர் இருக்கும்போதே மரியாதையாகப் போயிருக்கக் கூடாதோ இந்த மனுஷன்?"

அதற்குள் காப்பி வந்துவிட்டது. காப்பி வந்த பிறகு தர்க்கம் செய்வது எங்கள் இருவருக்கும் வழக்கமில்லை. அன்று வாயால் சொல்லாத பதிலை இன்று எழுத்தால் சொல்கிறேன். அவர் இந்தப் பத்திரிகையைத் தவறாமல் வாசிப்பவர். ஆகையால் பதில் போய்ச் சேர்ந்துவிடும்.

அந்தக் கனத்த சரீரியின் பெயர் ரொனால்டோ. இப்போது பையன்களின் பனியனில் எல்லாம் அச்சாகியிருக்கிற போர்ச்சுகல் நாட்டுக்காரர் அல்ல, அவருக்கு முந்தியவர். பிரேஸில் தேசத்தில் ரியோ டி ஜெனீரோ நகரத்தின் புறத்தே, எளிய குடும்பத்தில் 1976-ல் பிறந்தவர். பதினேழாவது வயதில், 1994 உலகக் கோப்பைக்குப் போன பிரேஸில் கோஷ்டியில் இடம் பெற்றார். அந்தத் தடவை ஓர் ஆட்டத்திலும் இறங்கவில்லை. ஆனால் கோப்பையோடு திரும்பினார். 1996-97-ல் பார்ஸலோனாவுக்காக 49 ஆட்டங்களில் 47 கோல்கள் அடித்தார். உலகத்தின் சிறந்த ஆட்டக்காரர் என்ற பட்டம் இருபது வயதிலேயே அவரைத் தேடி வந்தது.

அவர் ஆடியதை நான் டெலிவிஷனில்தான் பார்த்திருக்கிறேன். பந்து அவர் காலுக்கு வருகிற வரையில் அவர் ஒரு சோம்பேறியைப் போல் நிற்பார். வந்துவிட்டதோ, எதிரே இருப்பவர்கள் அத்தனை பேரும் சோம்பேறிகளாகிவிடுவார்கள். முழு ஓட்டத்தில் போய்க்கொண்டே காலை இப்படியும் அப்படியும் பந்தின்மேல் வீசி, கோலைக் காப்பவரை ஒரு பக்கம் படுக்கவைத்துவிட்டு, மறு பக்கமாகப் போய்ப் பந்தை மெதுவாக உள்ளே தட்டிவிடுவார். அந்த வேகத்தில் அப்படித் திரும்புவதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை முழங்கால்தான் கொடுக்கவேண்டும்.

முழங்காலைப் பற்றி இங்கே சில வார்த்தைகள் சொல்லவேண்டும். தொடையின் முன்புறத்தில் இருக்கிற பெரிய தசை, முழங்கால் சில்லைப் பிடித்து இழுக்கிறது. சில்லுக்குக் கீழே ஒரு பட்டையான நாண் இறங்கிக் கெண்டைக்கால் எலும்போடு சேர்கிறது. மடங்கிய காலை நாம் நீட்ட முடிகிறதென்றால் அந்த நாணின் உபயத்தால்தான். அது அறுந்துபோனால் தசை சில்லை மேலே இழுத்துக்கொண்டு போய்விடும். கால் நீட்ட வராது. நாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. ஆகவே சதையில் பட்ட காயத்தைப் போல் அது சட்டென்று ஆறாது. ஆறுகிற வரையில் காலுக்கு வேலை இல்லை. வேலை இல்லாத தொடை சில வாரங்களிலேயே சூம்பத் தொடங்கிவிடும். பிறகு படுத்தபடியே காலைத் தூக்குவதில் ஆரம்பித்து, தண்ணீரில் நடந்து, ஓடாத சைக்கிளை மிதித்து, குழந்தை நடை பழகுவதைப் போல் எல்லாவற்றையும் முதலிலிருந்து பழகவேண்டும். இதில் கைதட்ட யாரும் இருக்கமாட்டார்கள். சுவரில் ஒரு கடிகாரம் மட்டும் இருக்கும்.

1999 நவம்பர் 21-ந் தேதி, இத்தாலியில் இன்டர் மிலான் கோஷ்டிக்காக லெச்சே என்ற கோஷ்டியுடன் ஆடும்போது, ரொனால்டோவின் வலது முழங்காலில் அந்த நாண் பாதி கிழிந்தது. பாரிஸில் ரண சிகிச்சை நடந்தது. ஐந்து மாதம் முடிவதற்குள், 2000 ஏப்ரல் 12-ந் தேதி, ரோம் நகரில் லாஸியோவை எதிர்த்து நடந்த இத்தாலியக் கோப்பை இறுதிப் பந்தயத்தில், பாதிக்கு மேல் அவரை இறக்கினார்கள். ஏழு நிமிஷம் இருக்கும். பந்தோடு ஓடி, தமது பழைய வித்தையின்படி காலை வீசினார். யாரும் அவரைத் தொடவில்லை. அப்படியே விழுந்தார். இந்தத் தடவை நாண் பாதி அல்ல, முழுதும் அறுந்துவிட்டது. அந்தப் படத்தை நான் ஒரு முறைதான் பார்த்தேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவர் அலறுவதைக் கண்டு, எதிர்க் கோஷ்டிக்காரர்களே தலையில் கை வைத்துக்கொண்டார்கள். இரண்டாவது முறை பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அன்றைக்கு அவருக்கு வயது இருபத்துமூன்று. உலகம் முழுவதும் அவரைப் பற்றி இரங்கல் செய்தி எழுத ஆரம்பித்துவிட்டது. உயிரோடு இருக்கிறவனுக்கு எழுதுகிற இரங்கல் செய்தியைப் போல் கொடுமையானது வேறில்லை. "பாவம், எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரன்! இனி ஆடாமல் இருந்தால் நல்லது. பழைய ஞாபகமாவது கெடாமல் இருக்கும்" என்றார்கள்.

அடுத்த ஆண்டு பந்தயக் காலம் முழுவதும் அவர் மைதானத்தை மிதிக்கவில்லை. 2001-ன் பிற்பகுதியில்தான் திரும்பினார். திரும்பியும் அவ்வப்போது தசைப் பிடிப்பு வந்து உட்கார்ந்துகொண்டார். 2002 உலகக் கோப்பைக்கு ஆள் எடுத்தபோது, பிரேஸிலில் ஜனங்கள் ரொமாரியோ என்ற பழைய வீரரைச் சேர்க்கச் சொல்லிக் கூச்சல் போட்டார்கள். பயிற்சியாளர் ஸ்கோலாரி அந்தக் கூச்சலுக்குக் காது கொடுக்காமல், முழங்கால் தைக்கப்பட்ட ரொனால்டோவை அழைத்துக்கொண்டு போனார். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஏழு ஆட்டங்கள், எட்டு கோல்கள். ஜூன் 30-ந் தேதி, ஜப்பானில் யோக்கஹாமா நகரில் ஜெர்மனியை எதிர்த்து நடந்த இறுதி ஆட்டத்தில் விழுந்த இரண்டு கோல்களும் அவருடையவை.

இந்த இடத்தில் என் கட்டுரையை முடித்துவிட்டால் வாசகர்களுக்கு எல்லாம் திருப்தியாக இருக்கும். "முயற்சி திருவினையாக்கும்" என்று கடைசியில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்திலேகூடப் போடலாம். ஆனால் நான் அந்தக் கட்சியைச் சேர்ந்தவன் அல்ல. அந்தக் கட்சிதான் என் நண்பருடைய கட்சியைவிட அதிக ஆபத்தானது என்று சொல்லவே பேனாவை எடுத்தேன்.

ஏன் என்று கேளுங்கள். ரொனால்டோ 2002-ல் ஜெயித்தார். ஆகையால் அவர் திரும்பி வந்தது சரி என்கிறீர்கள். அப்படியானால் ஜெயிக்காமல் இருந்திருந்தால்? யோக்கஹாமாவில் அந்தப் பந்து கம்பத்தில் பட்டு வெளியே போயிருந்தால், அவர் அத்தனை மாதம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காலைத் தூக்கியதெல்லாம் தவறாகிவிடுமா? கோல் விழுந்தால் விடாமுயற்சி; விழாவிட்டால் வீண் பிடிவாதம். ஒரே மனிதன், ஒரே முழங்கால், ஒரே உழைப்பு. பெயர் மட்டும் நாம் கடைசியில் வைத்துக்கொள்கிறோம். இதற்கு நியாயம் என்று பெயரா? குதிரைப் பந்தயத்தில் சீட்டுக் கட்டுகிறவனுடைய நியாயம் இது.

திரும்பி வருவதற்கு ஒருவனுக்கு உள்ள உரிமை, அவன் வந்தபின் அடிக்கிற கோல்களைப் பொறுத்தது அல்ல. இதுதான் என் கட்சி. இதை நிலைநாட்ட 2002 எனக்கு வேண்டாம். என் நண்பர் சிரித்தாரே, அந்த வேலி சாய்ந்த படம், அதுவே போதும்.

அதற்கு முன்னால் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளவேண்டும்.

2006-ல் மறுபடியும் உலகக் கோப்பை வந்தது. ரொனால்டோவின் உடம்பு பருத்துவிட்டது. பிரேஸில் தேசத்து ஜனாதிபதியே, கோஷ்டியோடு டெலிவிஷன் மூலம் பேசும்போது, அவர் குண்டாகிவிட்டாரா இல்லையா என்று பயிற்சியாளரைக் கேட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஊரெல்லாம் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்ததோடு நிற்கவில்லை. அந்தச் சமயத்தில் எழுதிய ஒரு கட்டுரையில், அவரையும் ஒரு கல்யாண வீட்டுச் சமையற்காரரையும் ஒப்பிட்டு ஒரு வரி எழுதினேன். அந்த வரிக்காகப் பலர் என்னைப் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள். அதே போட்டியில் அந்தச் 'சமையற்காரர்' மூன்று கோல்கள் அடித்து, உலகக் கோப்பைகளில் தமது மொத்தக் கணக்கைப் பதினைந்தாக்கி, அதுவரை இருந்த ஜெர்மானியர் கெர்ட் முல்லரின் பதினான்கைத் தாண்டினார். 2014-ல் இன்னொரு ஜெர்மானியர் முந்துகிற வரையில் அந்தக் கணக்கு நின்றது. அதைப் பாராட்டி நான் ஒரு வரியும் எழுதவில்லை.

ஐந்து ஆண்டுகள் கழித்து, ஓய்வு பெறும்போது, தைராய்டு சுரப்பி மந்தமாக வேலை செய்யும் நோய் தமக்கு இருப்பதாகவும், ஏ.ஸி. மிலானில் ஆடிய நாட்களில் அது தெரியவந்ததாகவும் ரொனால்டோ சொன்னார். 2006-ல் அவர் பருத்ததற்கு அதுதான் காரணமா, சாப்பாடுதான் காரணமா என்று தீர்ப்புச் சொல்ல நான் வைத்தியன் அல்ல. அந்த வரியை எழுதியபோதும் நான் வைத்தியனாக இருக்கவில்லை என்பதுதான் விஷயம். அந்த வரியை இந்தக் கட்டுரையின் மூலம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

இனி, வேலிக் கதைக்கு வருகிறேன்.

2008 பிப்ரவரி 13-ந் தேதி, மிலான் கோஷ்டிக்காக ஆடும்போது, ரொனால்டோவுக்கு அதே நாண் அறுந்தது. இந்தத் தடவை இடது முழங்காலில். வயது முப்பத்தொன்று. ஒப்பந்தம் முடிந்தது, மிலான் அதைப் புதுப்பிக்கவில்லை. அதில் நான் குறை காணமாட்டேன். முதலாளிக்குக் கணக்கு உண்டு. ஆனால் ரொனால்டோவுக்கும் ஒரு கணக்கு இருந்தது. பணமா? ஏழு ஜன்மத்துக்குப் போதும். பெயரா? அதற்கு மேல் ஏற இடமில்லை. உலகக் கோப்பை இரண்டு தடவை வீட்டுக்கு வந்துவிட்டது. அப்படிப்பட்டவர் மூன்றாவது முறையாகப் படுக்கையில் படுத்துக் காலைத் தூக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். எதற்காக?

2008 டிசம்பரில் ஸாவோ பாலோ நகரத்துக் கொரிந்தியன்ஸ் கோஷ்டியில் சேர்ந்தார். அது அப்போதுதான் இரண்டாம் தரப் பிரிவில் ஓர் ஆண்டு கிடந்துவிட்டு மேலே ஏறி வந்திருந்த கோஷ்டி. 2009 மார்ச் மாதம் களத்தில் இறங்கினார். 8-ந் தேதி, பரம வைரியான பால்மெய்ராஸுடன் பந்தயம். கொரிந்தியன்ஸ் ஒரு கோல் பின்தங்கியிருந்தது. ஆட்ட நேரம் முடிந்து, கூட்டிக் கொடுத்த நிமிஷங்களில் அவர் தலையால் முட்டிய பந்து உள்ளே போனது. ஒன்றுக்கு ஒன்று. ஆட்டம் சமம். அவ்வளவுதான். உலகக் கோப்பை அல்ல, வெற்றிகூட அல்ல. அதற்குத்தான் அந்த மனிதர் வேலியில் ஏறினார்!

என் நண்பர் அந்த இடத்தில் தொந்தியைப் பார்த்தார். நான் அந்த முகத்தைப் பார்த்தேன். உலகத்தையே ஜெயித்த ஒருவர், ஒரு மாநிலப் பந்தயத்தில் சமன் செய்த ஒரு கோலுக்காக, முதல் கோல் அடித்த சிறுவனைப் போல் ஓடுகிறார் என்றால், அவர் எதற்காகத் திரும்பி வந்தார் என்ற கேள்விக்கு அதைவிடத் தெளிவான பதில் என்ன வேண்டும்? பெயருக்காக ஆடுகிறவன் அந்தக் கோலுக்கு வேலி ஏறமாட்டான். ஆட்டத்துக்காக ஆடுகிறவன்தான் ஏறுவான். அந்த ஆண்டு மாநிலப் போட்டியில் அவர் 14 ஆட்டங்களில் 10 கோல்கள் அடித்தார். கொரிந்தியன்ஸ் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் பட்டம் வென்றது. பிரேஸில் கோப்பையும் கிடைத்தது. ஆனால் முன்பே சொன்னேன், இந்தக் கணக்குகளை என் கட்சிக்குச் சாட்சியாகக் கூப்பிடமாட்டேன். நண்பருக்குத் தகவலாக இருக்கட்டும் என்று சொன்னேன்.

எதிர்க்கட்சியின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளலாம்.

"கிழவன் நின்றால் இளைஞன் இடம் போகிறதே" என்கிறார்கள். இடம் என்பது பாட்டன் சொத்து அல்ல. பயிற்சியாளர் ஒருவர் இருக்கிறார். இளைஞன் நன்றாக ஆடினால் அவனை இறக்கட்டும், கிழவனை உட்காரவைக்கட்டும். அதைக் கிழவனும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். 2002-ல் முப்பத்தாறு வயது ரொமாரியோவுக்கு இடமில்லை என்றார் ஸ்கோலாரி. அது ஒரு பயிற்சியாளரின் தீர்ப்பு, நேர்மையானது. "உனக்கு இடமில்லை" என்று சொல்வது வேறு. "இடம் கேட்கவே நீ வெட்கப்படவேண்டும்" என்று சொல்வது வேறு. முன்னது வேலை. பின்னது அவமரியாதை.

"உடம்பு கெட்டுப்போகுமே, அவருடைய நன்மைக்குத்தான் சொல்கிறோம்" என்கிறார்கள். இதைக் கேட்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. 1998 ஜூலை 12-ந் தேதி, பாரிஸ் அருகே உலகக் கோப்பை இறுதி ஆட்டம். அன்று பிற்பகல் ரொனால்டோவுக்கு வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்தார்கள். முதலில் வெளியிட்ட ஆட்டக்காரர் பட்டியலில் அவர் பெயரே இல்லை. பிறகு பெயர் சேர்ந்தது. அவரும் ஆடுகிறேன் என்றார், ஆடினார். மத்தியானம் வலிப்புக் கண்ட இருபத்தொரு வயதுப் பையன் இரவு மைதானத்தில் தொண்ணூறு நிமிஷம் ஓடினான். பிரான்ஸிடம் மூன்று கோல் வித்தியாசத்தில் பிரேஸில் தோற்றது. அப்போது இந்த ஹிதோபதேசக்காரர்கள் எல்லாம் எங்கே இருந்தார்கள்? "உடம்பு முக்கியம் தம்பி, இன்று வேண்டாம்" என்று யார் சொன்னார்கள்? தோற்ற பிறகு, ஏன் நன்றாக ஆடவில்லை என்றல்லவா கேட்டார்கள்! நமக்கு அவன் வேண்டியிருந்தபோது அவன் உடம்பைப் பற்றி நாம் கவலைப்படவில்லை. நமக்கு வேண்டாதபோதுதான் அந்தக் கவலை நமக்கு வருகிறது. இதற்குக் கருணை என்று பெயர் வைத்தால் கருணைக்குக் கேவலம்.

காயம் பட்டவனை ஆறுவதற்கு முன்பே ஊசி போட்டு இறக்கிவிடுவதும், ஆறியபின் வருகிறவனைப் பார்த்துப் போ என்று சொல்வதும் ஒரே நாணயத்தின் இரு முகங்கள். இரண்டிலும் கால் அவனுடையது. தீர்மானம் மட்டும் நம்முடையது.

மூன்றாவதுதான் பெரிய வாதம். "உச்சியில் இருக்கும்போதே விலகிவிடவேண்டும், அதுதான் கௌரவம்." கேட்பதற்கு வேதாந்தத்தைப் போல் இருக்கிறது. ஆனால் யாருடைய கௌரவம்? நாற்பது வருஷம் உத்தியோகம் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு வருஷம் நீட்டிப்புக் கிடைக்குமா என்று மனுப் போடுகிறோமே, நாம் யாராவது உச்சியில் இருக்கும்போது விலகினோமா? எந்த மாமியார் உச்சியில் இருக்கும்போது சாவிக் கொத்தைக் கொடுத்திருக்கிறாள்? நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலையை மட்டும் கடைசி மூச்சு வரை செய்யலாம். ஓடிச் செய்கிற வேலையை முப்பது வயதில் விட்டுவிட்டு, மீதி நாற்பது ஐம்பது வருஷம் பழைய புகைப்படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டுமா?

இந்தக் கௌரவம் ஆட்டக்காரனுடையது அல்ல, பார்க்கிறவனுடையது. நம்முடைய வாலிபத்தில் நாம் பார்த்த ஒரு கோலை மனசுக்குள் பூட்டி வைத்திருக்கிறோம். அந்தக் கோலை அடித்தவன் தலை நரைத்து, வயிறு பெருத்து, மூச்சு வாங்கிக்கொண்டு எதிரே வந்து நிற்கும்போது, நமக்கும் நரைத்துவிட்டது என்று தெரிந்துபோகிறது. அதைப் பொறுக்க முடியாமல்தான் அவனைப் போகச் சொல்கிறோம். கண்ணாடியை உடைத்தால் நரை போய்விடும் என்று நினைப்பதற்கு ஒப்பானது இது.

நான் இவ்வளவு ஆத்திரப்படுவதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. மறைப்பானேன்?

மூன்று வருஷங்களுக்கு முன் மாடிப்படியில் வழுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த அன்று, பேனாவைக் கொண்டுவரச் சொல்லிப் பிடித்துப் பார்த்தேன். விரல்கள் அதைப் பிடித்தன. ஆனால் அது யாருடைய விரலோ போல் இருந்தது. ஒரு ரப்பர் பந்தைக் கையில் கொடுத்து, தினம் நூறு தடவை அமுக்கச் சொன்னார் டாக்டர். அமுக்கினேன். பேரனுடைய நாலு கோடு நோட்டில் 'அ' எழுதினேன், 'ஆ' எழுதினேன். ஐம்பது வருஷம் எழுதிப் பிழைத்தவன் 'இ'னாவின் சுழி வராமல் உட்கார்ந்திருந்தேன். வாயால் சொன்னால் எழுதித் தர ஆள் இருந்தது. ஆனால் எனக்குக் கதை வாயில் வருவதில்லை, கையில்தான் வரும்.

எட்டு மாதம் கழித்து ஒரு சிறுகதை எழுதி, ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். பெயர் வேண்டாம். ஆசிரியர் என்மேல் மதிப்புள்ளவர், போட்டார். கதை நன்றாக இல்லை. எனக்கே தெரியும். நடுவில் ஒரு மூன்று பக்கம் மட்டும் பழைய கை எழுதியிருந்தது. அந்த மூன்று பக்கம் வந்த ராத்திரி நான் தூங்கவில்லை. வேலி ஏற வயதில்லை, இல்லாவிட்டால் ஏறியிருப்பேன்.

அடுத்த வாரம் ஒரு வாசகர் கடிதம் எழுதினார். பண்பான கடிதம். என் நாவல்களை எல்லாம் இளம் வயதிலிருந்தே படித்தவராம். "இத்துடன் தாங்கள் நிறுத்திக்கொண்டால் அந்தப் பழைய நாவல்களின் ஞாபகமாவது கெடாமல் இருக்கும்" என்று முடித்திருந்தார்.

அந்த வரியை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று யோசித்தேன். எங்கே என்று தெரிய வெகு நேரம் ஆகவில்லை. 2000-ல் ரோம் நகரத்து மைதானத்தில் விழுந்து கிடந்த இருபத்துமூன்று வயதுப் பையனைப் பார்த்துச் சொன்ன அதே வரிதான். 2006-ல் நான் எழுதிக் கைதட்டு வாங்கியதும் கிட்டத்தட்ட அதேதான். விதைத்ததைத்தான் அறுத்தேன்.

அந்த வாசகருக்கு நான் பதில் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். ஐயா, பழைய நாவல்களின் ஞாபகம் உங்களுடையது. அதை நீங்கள் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நான் இனிமேல் எத்தனை மோசமாக எழுதினாலும் அந்தப் புத்தகங்களில் ஓர் எழுத்துக்கூட மாறாது. யோக்கஹாமாவில் விழுந்த கோலை, ஸாவோ பாலோவில் பெருத்த வயிறு வந்து அழித்துவிட முடியாது. என் புதிய கதை பிடிக்கவில்லையா? பக்கத்தைப் புரட்டுங்கள், பிடிக்கவில்லை என்று நாலு பேரிடம் சொல்லுங்கள், ஆசிரியருக்கும் எழுதுங்கள். அதெல்லாம் உங்கள் உரிமை. ஆனால் என் கை என்னுடையது. அது எப்போது ஓயவேண்டும் என்பதை அது எனக்குச் சொல்லும். நான் உங்களுக்குச் சொல்கிறேன்.

ரொனால்டோவும் அப்படித்தான் சொன்னார். 2011 பிப்ரவரி மாதம் கொரிந்தியன்ஸ், தென் அமெரிக்கக் கோப்பையின் ஆரம்பச் சுற்றிலேயே கொலம்பியா நாட்டுக் கோஷ்டி ஒன்றிடம் தோற்று வெளியேறியது. ரசிகர்கள் கொந்தளித்தார்கள். 14-ந் தேதி பத்திரிகைக்காரர்களைக் கூட்டி, கண்ணீரோடு ஓய்வை அறிவித்தார். மனசு இன்னும் ஆடச் சொல்கிறது, உடம்பு கேட்கவில்லை, உடம்பிடம் தோற்றுவிட்டேன் என்ற கருத்தில் பேசினார். உடம்பிடம் தோற்பதில் அவமானம் இல்லை. நாம் எல்லோரும் ஒரு நாள் அதனிடம் தோற்கப் போகிறவர்கள்தாம். ஆனால் அந்தத் தோல்வியை அறிவிக்கிற உரிமை தோற்றவனுக்கு இருக்கவேண்டும். அவர் போனார்; துரத்தப்படவில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசந்தான் இந்தக் கட்டுரை.

அதே வருஷம் ஜூன் 7-ந் தேதி, ஸாவோ பாலோவில் ருமேனியாவுடன் நடந்த ஒரு சிநேகப் பந்தயத்தில், விடை கொடுப்பதற்காக அவரைப் பிரேஸிலின் மஞ்சள் பனியனில் சுமார் பதினைந்து நிமிஷம் இறக்கினார்கள். கோல் அடிக்க வாய்ப்புகள் வந்தன. ஒன்றும் விழவில்லை. ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

கோல் விழாத அந்தப் பதினைந்து நிமிஷத்துக்குக் கைதட்டிய ஜனங்கள்தாம், என் அபிப்பிராயத்தில், கால்பந்து தெரிந்தவர்கள்.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்று என் நண்பர் பரிகாசமாகச் சொன்னார். பெரியவர்கள் அதைப் பரிகாசமாகச் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. சும்மா இருக்க முடிந்த கால், என்றைக்குமே ஆடின கால் அல்ல என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். நண்பரே கூட, ஓய்வு பெற்று இத்தனை வருஷம் ஆகியும், தெருப் பையன்களைக் கூப்பிட்டுத் திண்ணையில் உட்காரவைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார். இப்போதெல்லாம் நடுநடுவே சூத்திரம் மறந்துபோகிறது. பையன்கள் சிரிக்கிறார்கள்.

நான் இதுவரை ஒரு நாளும் சிரித்ததில்லை.